பம்ப் பழகிவிடுமா?

ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் எங்கள் அத்தை படுத்ததே இல்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். மூச்சு முட்டினால் ஒன்று. முட்டாத நாளில் ஒன்றுமில்லை. ஒருமுறை மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். "ஐயோ, பம்ப் வேண்டாம், பழகிடும்" என்று வீடே சேர்ந்து தடுத்தது. அத்தை போய்ச் சேர்ந்து பல வருடங்களாகிவிட்டன. அந்தப் பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் 26.2 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். தடுக்கும் மருந்து பல பத்தாண்டுகளாகக் கையில் இருக்கும்போது நடக்கும் சாவுகள் இவை.

நம்பிக்கை: பம்ப் பழகிவிடும்; மாத்திரைதான் சாது.

கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். சின்ன மாத்திரை ஒன்றே இருபது அழுத்தலுக்குச் சமம். அது வயிறு, ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அத்தைக்கு மாத்திரை போட்டதும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். "மருந்து வேலை செய்யுது" என்பார்கள். இன்ஹேலரோ சேரவேண்டிய இடத்தில் நேராகச் சேர்ந்து, சில நிமிடங்களில் மூச்சை விடுவிக்கிறது. பம்பை நிறுத்தினால் இழுப்பு திரும்ப வருவது பழக்கத்தால் அல்ல. நோய் உள்ளே இருப்பதால்.

நம்பிக்கை: வீசிங் வரும்போது நீல பம்ப் அடித்தால் போதும்.

உயிரைக் குடிக்கும் நம்பிக்கை இதுதான். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. உள்சுவரும் வீங்கிச் சளி கட்டுகிறது. சால்புட்டமால் உள்ள நீல பம்ப் இறுக்கத்தைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது பெக்லோமெத்தசோன், புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நீல பம்பை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019இலேயே சொல்லிவிட்டது.

ஆனால் இந்தியாவில் 2022இல் வெளியான ஆய்வு ஒன்று என்ன சொல்கிறது? கடுமையான ஆஸ்துமா அறிகுறிகள் இருந்தவர்களில் 70 விழுக்காட்டினருக்கு அது ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. மருத்துவர் சொன்னவர்களிலும் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள் 10 விழுக்காட்டுக்கும் கீழே. நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடி, நெபுலைசர் வைத்துக்கொண்டு, விடிந்ததும் வீடு திரும்பி, அடுத்த வாரம் மறுபடி ஓடுவதையே நம் வீடுகள் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிற மாநிலம் தமிழ்நாடு. அந்த மாத்திரைகளோடு தடுப்பு இன்ஹேலரும் கட்டாயம் இருக்கவேண்டும் என்பேன்.

நம்பிக்கை: ஸ்டீராய்டு என்றாலே ஆபத்து.

இன்ஹேலரில் அளவு மைக்ரோகிராமில். இழுத்த பின் வாய் கொப்பளித்தால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது. பயந்து தவிர்க்கிறவர்களே கடைசியில் மூச்சு முட்டி, மில்லிகிராம் கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிறார்கள். ஹைதராபாத்தில் ஒவ்வொரு ஜூனிலும் மருந்து வைத்த விரால் குஞ்சை விழுங்க வரிசையில் நிற்பவர்களும் பலர். அது ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. தினசரி மருந்தைப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது விளக்கியிருந்தால் அவ்வளவு தூரம் வந்திருப்பார்களா?

நம்பிக்கை: நல்ல சிகிச்சை ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகாது.

காசநோய்க்கும் நுரையீரல் நோய்களுக்குமான பன்னாட்டு ஒன்றியம் 2008இல் ஒரு கொள்முதல் ஏற்பாட்டைத் தொடங்கியது. தரமான இன்ஹேலர்களை மொத்தமாகப் பேரம் பேசி, பெனின் போன்ற நாடுகளுக்கு மலிவாக வாங்கித் தந்தது. கடுமையான ஆஸ்துமா நோயாளிக்கு ஆண்டு முழுவதும் ஆன மருந்துச் செலவு 40 டாலருக்குள் வந்தது. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு மூடப்பட்டது. அதை இழப்பு என்றே சொல்வேன்.

பெரிய மருத்துவர்தான் வேண்டும் என்பதும் இல்லை. மலாவியின் பிளான்டயர் நகரில் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு, மருத்துவப் பட்டம் பெறாத பயிற்சி பெற்ற ஊழியர்களே உட்கார்ந்து பேசி, மருந்தைச் சீர்செய்து, பம்ப் இழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நோய் கட்டுக்குள் வந்தது. பள்ளிக்கு மட்டம் போடுவதும் குறைந்தது.

பம்பை நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். அதனால் குழந்தைகளுக்குப் பம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஸ்பேசர் என்ற குடுவை வேண்டும். கடை ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்காகக் கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 500 மில்லி குளிர்பான பாட்டிலைச் சோதித்தார்கள். பம்பின் வாய் வடிவில் வளைத்த கம்பியைச் சூடாக்கி, பாட்டிலின் அடியில் வைத்தால் பிளாஸ்டிக் உருகி ஓட்டை விழும். பம்பை அதில் செருகிப் பசையால் இடைவெளியை அடைத்துவிட்டு, குழந்தை பாட்டிலின் வாய்வழியாக மூச்சிழுக்க வேண்டும். கடை ஸ்பேசருக்கு இது குறையவில்லை என்று 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, குழந்தைக்குப் போகவேண்டிய மருந்தைப் பாட்டிலின் சுவரே பிடித்துவைத்துக்கொள்ளும்.