மலையகம்: ஒரு தீவின் முகடு

நுழையும்முன்

ஒரு நிலத்தின் அழகைக் கண்டு வியப்பவர், அதனை ஆக்கிய கைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். இலங்கையின் மலையகம் இயற்கை வளத்தாலும் தமிழர் உழைப்பாலும் உருவானது. அதன் நிலத்தையும் மக்களையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

சேத்தூரும் தீவும்

இராசபாளையத்திற்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் சேத்தூர். அம்மலைத்தொடரில் வாழும் சாம்பல் நிற மலையணிலைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிற்கு வெளியே இவ்வணில் இயற்கையாக வாழும் நாடு இலங்கை ஒன்றே. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிக் காலங்களில் இவ்விரு நிலங்களும் இணைந்திருந்தன என்பதால், அவற்றின் உயிரினங்களில் ஒற்றுமை காணப்படுகிறது.

நில அமைப்பு

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். கரையோரம் சமவெளியாக இருக்க, தென்நடுப்பகுதி மலைகளாக உயர்ந்துள்ளது. 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலை இதன் மிக உயர்ந்த சிகரம். மலையகத்தில் பிறக்கும் மகாவலி 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக்கு அருகில் கடலில் கலக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிடுவதால், அக்காலத்தில் கிழக்குச் சரிவு வறண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே உள்ள சேத்தூர் வட்டாரத்தின் நிலையும் இதுவே.

காணத்தக்க இடங்கள்

2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் உச்சியில் உள்ள பாதச்சுவட்டை நான்கு சமயத்தார் போற்றுகின்றனர். குளிர்ந்த நுவரெலியா, ஓட்டன் சமவெளி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் ஆகியன பயணிகளை ஈர்க்கின்றன. நடு மலைநாட்டின் காடுகள் 2010இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

மலையை மாற்றிய மக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அமைத்த காப்பித் தோட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பி அழிந்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. காடு திருத்தியதும், கொழுந்து பறித்ததும், லயங்களின் சிற்றறைகளில் தலைமுறைகளைக் கழித்ததும் இம்மக்களே.

எனினும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இவர்களுள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவிற்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் எனப் பங்கிடப்பட்டனர். பல குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தன. தாயகம் திரும்பியோருள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. எனினும், சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்னும் கோரிக்கை இன்றும் தொடர்கிறது.

மலையின் பசுமையைப் போற்றும் பயணி, அதனை உருவாக்கிய மக்களையும் நினைத்தல் வேண்டும். அவர்களின் உரிமையை மதிப்பதே அந்த அழகிற்குச் செய்யும் நன்றி.

தெரிந்து தெளிவோம்

இலங்கையின் மலைத்தோட்டப் பகுதியைத் தமிழக மக்கள் ‘கண்டிச்சீமை’ என வழங்கினர். அங்குள்ள தொழிலாளர் வாழ்வின் துயரைப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ சித்திரிக்கிறது.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரிலிருந்து இலங்கை, மலேசியா போன்ற நாடுகளுக்குச் சென்று திரும்பிய குடும்பங்களின் அனுபவங்களைக் கேட்டறிந்து, வகுப்பறையில் பகிர்க.