ஊர் துறந்த பெயரும் ஏரி காத்த பெயரும்

ஊர்ப்பெயர்கள் பொருளற்ற ஒலிகள் அல்ல. மலையூர்கள் குன்றாலும் சுனையாலும் பெயர் பெறுதல் போலச் சமவெளியூர்கள் ஏரியாலும் கோயிலாலும் பெயர் பெறுகின்றன. காட்டுமன்னார்கோயில் இதற்குத் தக்க சான்றாகும்.

முதற் பராந்தக சோழன் (கி.பி. 907-955) 'வீரநாராயணன்' என்னும் பட்டம் பூண்டவன். அப்பட்டத்தால் இவ்வூர் வீரநாராயண சதுர்வேதிமங்கலம் எனவும், அருகிலுள்ள பேரேரி வீரநாராயண ஏரி எனவும் வழங்கின. ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையோர் நிலங்களைப் பற்றிய, முதலாம் இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டும் ஊரை இப்பெயராலேயே சுட்டுகிறது.

பின்னர், நாதமுனிகள் பிறந்த இவ்வூர்ப் பெருமாளின் 'மன்னனார்' என்னும் திருப்பெயர் ஊர்ப்பெயரில் அமைந்தது. 'காட்டு' என்பதைக் காட்டோடு இணைப்பாரும் உளர். நாதமுனிகளுக்குப் பிரபந்தத்தைக் காட்டியமையால் வந்தது என்பாரும் உளர். 'காடு' டகரம் இரட்டித்தும் 'காட்டு' ஆகும். 'காட்டு' வினைப்பகுதியாகவும் நிற்கும். இலக்கணம் இரண்டிற்கும் இடந்தருவதால், ஒலியொற்றுமை ஒன்றையே கொண்டு நாம் முடிவு கூறலாகாது.

ஊர் துறந்த மன்னன் பெயரை ஏரியோ 'வீராணம்' எனச் சுருக்கிக் காத்து வருகிறது. 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் அவ்வேரி உதவுகிறது. பருகுவோருள் பராந்தகனை நினைப்பார் எத்துணைப் பேர்?

மாணவர்கள் தத்தம் ஊரின் குளம், வயல், தெருப் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். ஏட்டில் ஏறாத பெயர், சொல்லும் நா ஓய்ந்ததும் மறைந்துவிடும்.