டாகிள் தகடும் டரட் பஞ்சும்

வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளில் டாகிள் மெஷின் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரத் தோலை ஒரு பெரிய துளைத் தகட்டின் மேல் விரித்து, நாலாபுறமும் இழுத்து, ஓரமெல்லாம் கிளிப் மாட்டுவார்கள். கிளிப்பின் கொக்கி தகட்டின் துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே தகட்டை வெப்பக் காற்று ஓடும் அறைக்குள் தள்ளினால் தோல் சுருங்காமல் காய்ந்து வரும். அந்தத் தகட்டில் ஆயிரக்கணக்கான துளைகள். திருப்பத்தூரில் சிஎன்சி டரட் பஞ்ச் வைத்துத் தொழில் செய்கிற எனக்குப் பேனல் போர்டு வேலைதான் அன்றாடச் சோறு. ஆனால் இந்தத் தொழிலின் நெளிவு சுளிவை எனக்குக் கற்றுக்கொடுத்தது டாகிள் தகடுதான்.

வேலை வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தோல் ஷாப் நடத்த முடியாது என்பது உறுதியானது. சுத்திகரிப்பு நிலையம் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் கன்ட்ரோல் பேனல், வாய்க்காலில் மயிரையும் சதைத் துணுக்கையும் தடுக்கத் துளைத் தகடு. பாலாற்றங்கரையின் துயரத்திலிருந்து பிறந்த வேலை அது. அதனால்தான் அந்தத் தகடுகளை ஏனோதானோ என்று அடித்துக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது யாரைப் பார்த்தாலும் ஃபைபர் லேசர் வாங்கு என்கிறார்கள். வளைந்த வடிவம், தடித்த தகடு, ஒன்றிரண்டு பீஸ் என்றால் லேசர்தான், மறுப்பில்லை. டாகிள் தகட்டுக்கு மட்டும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2500க்கு 1250 மில்லிமீட்டர் ஷீட்டில் 12 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று துளை போட்டால் ஏறக்குறைய 20,000 துளை. ஒவ்வொன்றாக நின்று வெட்டும் லேசர் துளைக்கு அரை நொடி எடுத்தாலும் மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். டரட்டில் ஒரே அடியில் பத்துத் துளை விழுகிற கிளஸ்டர் டூலை மாட்டினால் 2,000 அடி. நிமிடத்துக்கு 200 அடி என்று நிதானமாக ஓட்டினாலும் பத்து நிமிடம். நிற்காமல் ஓடியபடியே வரிசையாக வெட்டும் வசதி லேசரில் உண்டு, நேரம் குறையும். ஆனாலும் துளையின் அடிப்பக்கம் உருகி ஒட்டிய பிசிறு தோலைக் கீறும் என்ற பயம் போகாது. லூவர், நாக்அவுட், கவுன்டர்சிங்க் எல்லாம் அதே மெஷினிலேயே முடிவது பேனல் வேலைக்கு இன்னொரு லாபம்.

கிளஸ்டர் டூல் வாங்கும்போது எத்தனை பின் என்பதைக் கடைக்காரர் சொல்லக்கூடாது, உங்கள் கணக்கு சொல்ல வேண்டும். துளையின் சுற்றளவு, தகட்டின் கனம், உலோகத்தின் வெட்டு வலிமை மூன்றையும் பெருக்கினால் தேவையான விசை கிடைக்கும். 1.5 மில்லிமீட்டர் 304 எஸ்எஸ்ஸில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்றுக்குச் சுமார் ஒன்றரை டன். பத்துப் பின்னுக்குப் பதினைந்து. 20 டன் மெஷினில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது என் வழக்கம், ஆகவே பத்துதான் எல்லை. அதே துளை எம்எஸ்ஸில் ஒரு டன்தான் கேட்கும். எம்எஸ்ஸுக்கு வாங்கிய பதினைந்து பின் டூலை எஸ்எஸ்ஸில் போட்டு ஓட்டலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

பின்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒன்றிரண்டு துளை விட்டு விட்டு அமைந்த டூலைக் கேட்டு வாங்குங்கள். விடுபட்ட துளைகளை அடுத்தடுத்த அடிகள் நிரப்பிக்கொள்ளும். நெருக்கமாக அடித்தால் தகடு மேல்பக்கம் இழுபட்டு அப்பளம் போல வளைந்துவிடும், நடுவில் மெஷினே அதில் இடித்து நின்றுபோகும். எவ்வளவு கவனமாக அடித்தாலும் கொஞ்சம் வளைவு இருக்கத்தான் செய்யும். லெவலர் ரோலரில் ஒரு ஓட்டு ஓட்டித் தர ஆகும் செலவையும் கொட்டேஷனில் சேர்த்துவிடுங்கள். நான்கு ஓரமும் துளையில்லாத அகலக் கரை விட்டால் வளைவு கூடும், கரையைக் குறுகலாகவே வையுங்கள்.

இனி, இந்த வட்டாரத்துக்கென்றே உள்ள விஷயம். ஒருமுறை ஆம்பூரிலிருந்து ஒரு மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் வேறெங்கோ அடித்த டாகிள் தகட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, எஸ்எஸ் தகடுதான், காந்தம்கூட ஒட்டலை. ஆனா தோல்ல நீலமா புள்ளி புள்ளியா விழுது. முதலாளி கத்துறாரு" என்றார். தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். துளை ஓரங்களில் ஊசிமுனை அளவு செம்பழுப்புப் புள்ளிகள்.

அது எஸ்எஸ்ஸின் துரு அல்ல. முந்தைய நாள் எம்எஸ் ஓட்டிய மெஷினில் மேஜைப் பிரஷ்களிலும் டூல் முகத்திலும் தங்கிய இரும்புத் தூள், அடுத்து ஓடிய எஸ்எஸ்ஸில் பதிந்துவிடுகிறது. ஈரத்தில் அது துருப்பிடிக்கிறது. குரோம் தோலையும் பிறகு வாட்டில் பட்டைச் சாறு போன்றவற்றில் மறுபதனிடுவார்கள். அந்தச் சாற்றின் டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறைதான். ஏற்றுமதித் தோலில் ஒரு புள்ளி விழுந்தாலும் தரம் இறங்கிவிடும்.

அதனால் எஸ்எஸ் வேலைக்கு முன் மேஜையை வேக்குவம் போட்டு, பிரஷ்களைத் துடைத்து, எஸ்எஸ்ஸுக்கென்று தனிக் கிளஸ்டர் டூலையே வைத்துக்கொள்ளுங்கள். பிசிறு எடுக்க எஸ்எஸ் பிரஷ் மட்டும், இரும்புக் கம்பி பிரஷ் பக்கத்திலேயே வரக்கூடாது. பஞ்சிங் எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும், எண்ணெயும் தோலில் கறை போடும். கடைசியாக ஒரு மூலையில் ஈரத் துணியைப் போர்த்தி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். புள்ளி தெரிந்தால் பிக்ளிங் செய்யாமல் வண்டி ஏற்றாதீர்கள். பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் வைக்கிறார்கள், ஆலை முழுக்க உப்பின் வாடை. அந்த உப்பு 304ஐ அரிக்கும் என்பதால், கழிவுநீர்ப் பக்கம் போகும் தகடு என்றால் அதை விட்டு 316க்குப் போகச் சொல்லி நானே வாடிக்கையாளரிடம் வாதாடுவேன்.

சாணை விஷயத்தில் பலர் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். பஞ்சின் விளிம்பு கால் மில்லிமீட்டர் உருளும்வரை விட்டால் பிசிறும் ஏறும், மெஷினுக்கும் பாரம் கூடும். 0.1 மில்லிமீட்டர் மழுங்கியதுமே கழற்றுங்கள். கூலன்ட் ஊற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சாணை பிடித்து, பிறகு காந்தத்தை நீக்கிவிட வேண்டும். காந்தம் ஏறிய பஞ்ச் எம்எஸ் ஸ்லக்கை டையிலிருந்து மேலே இழுத்து வந்து தகட்டின் மேல் போட்டுவிடும், அடுத்த அடி அதன் மேல் விழும். கிளஸ்டரில் ஒரு பின் உடைந்து புதிது மாற்றினால் எல்லாப் பின்னையும் சேர்த்தே சாணை பிடியுங்கள். புதுப்பின் உயரமாக நின்றால் முதல் பாரம் முழுக்க அதற்கே போய் மறுபடியும் அதுவே உடையும். டைக்கும் பஞ்சுக்கும் இடைவெளி எஸ்எஸ்ஸில் தகட்டின் கனத்தில் கால் பங்கு இருக்கட்டும், 1.5க்குச் சுமார் 0.4.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பையில் 1 மில்லிமீட்டர் எம்எஸ் தகடு ஒன்றும், நல்ல சாணை பிடித்த வட்டப் பஞ்ச் ஒன்றும் அதன் டையும் எடுத்துப் போங்கள். அந்த அளவுக்கு டரட்டில் உள்ள ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் மாட்டி அடிக்கச் சொல்லி, துளையின் அடிப்பக்கத்தில் விரலால் சுற்றித் தடவுங்கள். பிசிறு ஒரு பக்கம் தடிப்பாகவும் எதிர்ப்பக்கம் மழமழவென்றும் இருந்தால் மேல் டரட்டும் கீழ் டரட்டும் நேராக இல்லை, அல்லது அந்தத் துவாரம் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒரே ஸ்டேஷனில் மட்டும் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் என்றால் அலைன்மென்ட் செய்து காட்டச் சொல்லி, மறுபடி அடித்துப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.