நென்கின் பணம்: எடுத்துவிடுவதா, விட்டுவைப்பதா?

டோக்கியோவின் நிஷி கசாயில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த தம்பி, ஊர் திரும்ப மூன்று வாரம் இருந்தபோது ஒரு படிவத்தோடு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். ஜப்பானில் ஏழரை வருடம் வேலை பார்த்தவன். "அண்ணே, நென்கின் காசை எடுக்கணும். எங்கே கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். பேனா மூடியைக் கழற்றியே வைத்திருந்தான். "சென்னையில எத்தனை வருஷம் பி.எஃப். பிடிச்சாங்க?" என்று கேட்டேன். மூன்று வருடம் என்றான். பேனாவை மூடி வைக்கச் சொன்னேன்.

ஜப்பானில் குடியிருக்கும் 20 முதல் 59 வயது வரையுள்ள எல்லோரும், எந்த நாட்டுக் குடிமக்களானாலும், நென்கின் எனும் அரசு ஓய்வூதியத்தில் சேர்ந்தாக வேண்டும். மாணவர்களுக்கும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் கொகுமின் நென்கின், அதாவது தேசிய ஓய்வூதியம். கம்பெனி ஊழியர்களுக்கு அதோடு கோசெய் நென்கின் எனும் ஊழியர் ஓய்வூதியமும் சேரும். ஒரு காலத்தில் கொகுமின் நென்கினில் சேரக் குடியுரிமை கேட்டார்கள். அகதிகள் உடன்படிக்கையில் ஜப்பான் சேர்ந்த பிறகு, 1982இல்தான் அந்த நிபந்தனை போனது. கோசெய் நென்கினுக்குச் சம்பளத்தில் 18.3 சதவீதம் போகிறது. அதில் பாதி நம் கையிலிருந்து, பாதி கம்பெனி கையிலிருந்து. இந்தப் "பாதி" என்ற சொல்லை நினைவில் வையுங்கள்.

இந்தியக் கம்பெனியே ஐந்து வருடத்துக்கு மிகாமல் அனுப்பிவைத்தவர் என்றால் இந்தக் கேள்வியே எழாது. 2016 அக்டோபர் 1 முதல் இரு நாடுகளுக்கும் நடுவே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவின் பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.விடம் காப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வந்தவர், இந்தியாவில் பி.எஃப். கட்டினால் போதும். ஜப்பானிய நிறுவனத்தில் நேரடியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் இனி சொல்லும் வழிகள்.

பலரும் போவது "தத்தாய் இச்சிஜிகின்", அதாவது மொத்தமாக எடுத்துக்கொள்ளும் வழி. குறைந்தது ஆறு மாதம் கட்டியிருக்க வேண்டும். பத்து வருடம் நிறைந்தவர்களுக்கு இது கிடையாது. எத்தனை வருடம் கட்டியிருந்தாலும் அதிகபட்சம் 60 மாதத்துக்குத்தான் கணக்குப் போடுவார்கள். 2021 ஏப்ரலுக்கு முன் அது 36 மாதமாக இருந்தது. கைக்கு வருவது நாம் கட்டிய பாதியை ஒட்டிய தொகைதான். கம்பெனி கட்டிய பாதி வராது. கோசெய் நென்கின் தொகையில் 20.42 சதவீத வரியையும் பிடித்துக்கொள்வார்கள். ஜப்பானில் இருக்கும் ஒரு நண்பரை வரிப் பிரதிநிதியாக நியமித்தால், அந்த வரியைப் பெரும்பாலும் திரும்ப வாங்கிவிடலாம். பணம் வந்துசேர்ந்ததும் அத்தனை மாதங்களும் பதிவிலிருந்து அழிந்துவிடும். ஒன்பது வருடம் கட்டியவருக்கு ஐந்து வருடக் காசு கிடைக்கும். அழிவதோ ஒன்பது வருடம்.

அடுத்தது விட்டுவைக்கும் வழி. பென்ஷன் பெற முன்பு 25 வருடம் கட்டியிருக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் அது பத்து வருடமாகக் குறைந்தது. பத்து வருடம் இல்லாத இந்தியருக்குத்தான் அந்த ஒப்பந்தம் கைகொடுக்கிறது. இந்தியாவில் இ.பி.எஸ். பென்ஷன் திட்டத்தில் இருந்த காலத்தை ஜப்பான் காலத்தோடு கூட்டிப் பத்து ஆகிறதா என்று பார்ப்பார்கள். தகுதிக்கு மட்டும்தான் இந்தக் கூட்டல். ஜப்பான் தன் மாதங்களுக்கு மட்டுமே பணம் தரும். 65 வயதில் இ.பி.எஃப்.ஓ. வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

தம்பிக்காக அன்று கிழித்த தாளில் போட்ட கணக்கு இது. போனஸ் எல்லாம் சேர்த்து மாதச் சராசரி மூன்று லட்சம் யென் என்று வைத்துக்கொண்டேன். மொத்தமாக எடுத்தால் அதன் 5.5 மடங்கு: வரிக்கு முன் 16 லட்சத்து 50 ஆயிரம் யென். விட்டுவைத்தால் ஏழரை வருடத்துக்கு, 2025–26இன் விகிதப்படி, வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் யென், ஆயுள் முழுக்க. 71 வயதுக்குள் மொத்தத் தொகை கைக்கு வந்துவிடும். அதற்குப் பின் வருவதெல்லாம் மேல்வரவு. கம்பெனி கட்டிய பாதியும், அடிப்படைப் பென்ஷனில் அரசாங்கம் போடும் பாதியும் இந்த வழியில்தான் நமக்கு வந்து சேருகின்றன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு முப்பது வயதுக்குள் திரும்புபவர், எடுத்த காசில் வீட்டுக் கடனை அடைத்தாலோ, முப்பத்தைந்து வருடம் நல்ல முதலீட்டில் போட்டுவைத்தாலோ, அது பென்ஷனைவிட அதிகமாகவே தரக்கூடும். யென் மதிப்பு என்ன ஆகும் என்ற கவலையும் இல்லை. அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் என் பேச்சு மாறும். 60 மாத வரம்புக்கு மேல் கட்டிய ஒவ்வொரு மாதத்தையும் சும்மா விட்டுக்கொடுக்கிறோம். ஆறு முதல் ஒன்பது வருடம் வரை இருந்து, இந்தியாவிலும் சில வருடம் வைத்திருப்பவர் மொத்தமாக எடுப்பது பெரிய இழப்பு.

இங்கே மனதை உறுத்தும் ஒரு விஷயம். ஜப்பான் வேலை கிடைத்ததும் நம் பிள்ளைகள் பி.எஃப். எடுக்கும் 19ஆம் படிவத்தோடு 10சி படிவத்தையும் சேர்த்துப் போட்டுப் பென்ஷன் பணத்தையும் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்காக அந்த வருடங்கள் போய்விடுகின்றன. ஜப்பானில் கூட்டிக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்க ஓர் இடம் இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் கூட்டல் வழி இல்லை. இலங்கைக்கும் ஜப்பானுக்கும் இப்படியோர் ஒப்பந்தம் கிடையாது. பத்து வருடத்தை எட்டப்போவதில்லை என்றால் அவர்கள் மொத்தமாக எடுப்பதே சரி. எட்டரை, ஒன்பது வருடம் ஆனவர்கள் முடிந்தால் பத்தை நிறைத்துவிட்டே கிளம்பட்டும். எந்த நாட்டவரானாலும் நிரந்தர வசிப்புரிமை வாங்கியவருக்கு இன்னொரு வழி உண்டு: "கரா கிகான்", வெற்றுக் காலம். வசிப்புரிமைக்கு முன்பு 20 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையே வெளிநாட்டில் இருந்த காலத்தைத் தகுதிக்கு மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

விட்டுவைக்க முடிவு செய்தால் அடிப்படை ஓய்வூதிய எண் தொலையக்கூடாது. பழைய நீல நிற நென்கின் புத்தகமோ, 2022 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வரும் அறிவிப்புத் தாளோ, எதுவானாலும் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். எண்ணையும் திட்டத்தையும் மனைவியிடமோ கணவரிடமோ சொல்லி வையுங்கள். 65 வயதில் பென்ஷன் தானாக வராது. நாம்தான் கேட்க வேண்டும்.

தம்பி அன்று கையெழுத்துப் போடவில்லை. மொத்தத் தொகைக்கு விண்ணப்பிக்க, ஜப்பானில் முகவரி நீங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. விமானம் ஏறும் வாரத்தின் அவசரத்தில் முடிவெடுக்காதீர்கள். ஊருக்குப் போய், இ.பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியைத் திறந்து, எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.