வீடு கட்டும் தண்ணீர்

பாலாற்றங்கரைக் கிராமங்களில் ஒரு குடும்பத்தின் வீடு ஒரே மூச்சில் எழுவதில்லை. முதலில் ஓர் அறையும் தாழ்வாரமும். மகனுக்குத் திருமணம் நிச்சயமானதும் இன்னோர் அறை. பசு வாங்கினால் ஒரு கொட்டகை. குடியாத்தம் பக்கத்து நெசவாளராயின் தறிக்கென்று ஒரு கூடம். இவ்வாறு இருபது முப்பது ஆண்டுகள் வேலை நடந்துகொண்டே இருக்கும். செங்கல், சிமெண்டு, கம்பி ஆகியவற்றின் விலையை நம் அங்கத்தினர் பல கடைகளில் ஏறி இறங்கி விசாரிப்பர். கலவையில் ஊற்றும் தண்ணீரைப் பற்றி மட்டும் எவரும் விசாரிப்பதில்லை. அது சொந்தக் கிணற்றில் இலவசமாகக் கிடைக்கிறதன்றோ! ஆம்பூர் வட்டாரத்தில் இந்த இலவசம் பெருஞ்செலவாக முடிவதுண்டு.

என் உறவினர் ஒருவர் கடன் பெற்று, நிலத்தை ஒட்டிய மனையில் மகனுக்காக ஓர் அறை கட்டினார். கிணறு பக்கத்திலேயே இருந்தது. மூன்றாம் ஆண்டில் சுவரின் அடியில் வெள்ளை பூத்துப் பூச்சு பொரிந்தது. ஏழாம் ஆண்டில் தளத்தின் அடிப்புறம், கம்பி ஓடும் வரிசையிலேயே வெடித்து, ஒரு சில்லு தொட்டிலுக்கு அருகே விழுந்தது. குழந்தைக்கு ஊறில்லை. கடனிலோ தவணைகள் அப்போதும் பாக்கி. மேஸ்திரி கம்பியைக் குறை கூறினார். உறவினர் சிமெண்டைக் குறை கூறினார். அவர் மனைவியார் மட்டும், "அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க வேறு தண்ணீர் சுமந்து வருகிறேன். வீட்டுக்கு மட்டும் அது எப்படி ஆகும்?" என்றார். அவர் கூற்றே சரி.

காரணம் யாதெனில், தோல் அழுகாதிருக்க அதற்கு உப்பிட்டு வைப்பர். பதனிடுமுன் ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு கழிவுநீரில் இறங்கிவிடுகிறது. குரோமியத்தைப் படியவைத்து நீக்கிவிடலாம். கரைந்த உப்போ அவ்வாறு படிவதில்லை. ஆற்றிலும் நிலத்திலும் பல்லாண்டுகள் விடப்பட்ட கழிவு, கிணறுகளை எட்டிற்று. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டதென்ற கணிப்பை, உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில் (28-8-1996) எடுத்துக் காட்டியுள்ளது. இழப்பீடும் மீட்பும் இன்னும் தீராமையால் 30-1-2025இல் அந்நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. நிலத்தடி நீர் தெளிவதற்குத் தலைமுறைகள் ஆகலாம். நம் கல்யாணங்கள் அதுவரை காத்திரா.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை, உள்ளிருக்கும் கம்பியைத் துருவேறாமல் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்பை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. ஆகவேதான் 2000ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி, கம்பியிடும் கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாதென்றது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை இடமளித்தது.

இதை நம் வீட்டு அளவையில் சொல்வோம். 500 மில்லிகிராம் குளோரைடு என்பது சற்றேறக்குறைய 0.8 கிராம் சமையல் உப்பு. ஐந்து லிட்டருக்கு 4 கிராம், அதாவது அரைப் பவுன் எடை. ஐந்து லிட்டர் கிணற்று நீரைச் சுத்தமான பாத்திரத்தில் காய்ச்சி, கடைசியில் தணலைக் குறைத்து வற்றவிட்டு, அடியில் நிற்பதைச் சுரண்டித் தட்டாரிடம் நிறுத்துப் பாருங்கள். அரைப் பவுனுக்குக் குறைவாயின் பெரும்பாலும் அச்சமில்லை. மிகுந்தால் அது முழுவதும் குளோரைடுதான் என்று கொள்ளவேண்டா. சுண்ணாம்பு முதலியனவும் அதில் அடங்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்தறிக.

சோதனையில் நீர் தவறினால் வீடு கட்டுவதையே விடவேண்டுமோ? வேண்டியதில்லை. இங்கேதான் நம்மவர் கணக்குப் போடத் தவறுகின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு நான்கு அங்குலத் தளம் போட எட்டு ஒன்பது மூட்டை சிமெண்டு பிடிக்கும். மூட்டைக்கு 25 லிட்டர் வீதம் கலவைக்கு வேண்டிய நீர் 225 லிட்டருக்குள் அடங்கும். ஒரு பீப்பாயைச் சற்றே மிஞ்சும். நல்ல கிணற்றிலிருந்து வண்டியில் அதைக் கொண்டுவரும் கூலி, தளத்தின் மொத்தச் செலவில் எம்மாத்திரம்? தளத்தின்மேல் நிறுத்தும் நீரும் நல்லதாயிருத்தல் வேண்டும். சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாள் குறையாமல் ஈரம் காக்கவேண்டும். ஈரச் சாக்கை விரித்து நனைத்து வந்தால் பாத்தி கட்டுவதைவிடக் குறைந்த நீர் போதும். ஐப்பசி மழையைத் தேக்கிவைப்பது இன்னும் நன்று: 600 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 550 லிட்டர் விழுகிறது.

நெசவாளருக்கு ஒரு வார்த்தை. குழித்தறியின் குழி, வீட்டிலேயே தாழ்ந்த இடம். மண்ணின் ஈரமும் உப்பும் முதலில் அங்கேதான் ஏறும். உப்பேறிய சுவர் மழைக்காலக் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாவு நனைந்தாற்போல் தளரும். ஆகையால் குழிச்சுவரையும் நல்ல நீரில் கட்டுவதோடு, கடைக்காலின் மேல் ஈரத்தடுப்புப் படலத்தை விடாது போடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே தளம் வெடித்தவர்கள் மேலே சிமெண்டைப் பூசி மறைப்பது வீண். உப்பு உள்ளேயே இருந்து வேலை செய்யும். தளர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறம் வரை துருவை நீக்கிய பிறகே புதுக் கலவை வைக்கவேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளரைக் காட்டாமல் அதன் கீழ் எவரையும் படுக்கவிடாதீர்கள்.

உறவினர் வீட்டில் இப்போது மாட்டுக்கொட்டகைக்குத் தூண் எழுகிறது. கலவைக்கு மேட்டுக் கிணற்றிலிருந்து மூன்று பீப்பாய் வந்திறங்கின. வண்டிக்குச் சொல்லியனுப்பியவர் அந்த அம்மையாரே.