புதுக் கட்டடமும் வரிச் சலுகையும் – வணிகர் அறிய வேண்டிய கணக்கு

வணிகப் பெருமக்கள் கூடும் இடங்களில் எல்லாம் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. “டவுனில் ரத வீதிகளைச் சுற்றி எத்தனையோ பழைய கடைகள் ஓடும் கட்டையுமாக நிற்கின்றன. இவற்றை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்குச் சில ஆண்டுகள் சொத்துவரியைக் குறைத்தால் என்ன? ஊரும் சீராகும், வியாபாரமும் பெருகுமே?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்பதற்கு முன்னால், சலுகை எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வியாபாரி கணக்குப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது, சலுகையும் அப்படித்தான்.

முதலில் வரி நிர்ணயத்தைப் பார்ப்போம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை நகராட்சிகள் இரண்டும் 1866ல் தோன்றியவை. இவற்றுடன் மேலப்பாளையம் நகராட்சியும் தச்சநல்லூரும் சேர்ந்து 1994ல் மாநகராட்சி ஆயிற்று. 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறையில் இருக்கிறது. சட்டமும் விதிகளும் போட்ட எல்லைக்குள்தான் மாமன்றம் வரி விகிதத்தைத் தீர்மானிக்கலாம். வழிபாட்டுத் தலம் போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ‘இந்தக் கட்டடத்துக்கு மட்டும் பத்தாண்டு தள்ளுபடி’ என்று ஒருவருக்காகத் தீர்மானம் போட மாமன்றத்துக்குத் தன்னிச்சையான அதிகாரம் கிடையாது. ஆகவே சலுகை வேண்டுமானால் மாமன்றத்தோடு நின்றுவிடாமல் அரசிடமும் கேட்டாக வேண்டும்.

பழைய கடையை இடித்துக் கட்டியவுடன் வரி ஏன் கூடுகிறது? பரப்பளவு கூடுகிறது. பழைய கட்டடம் என்பதற்காகக் கிடைத்த தேய்மானக் கழிவு போய்விடுகிறது. மாடி எழுந்தால் அதற்கும் வரி. ஆக, ஒழுகும் கூரையை வைத்திருப்பவருக்குக் குறைந்த வரி. கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்குக் கூடுதல் வரி. இதனால்தான் பலர் பழையதற்கே பூச்சு அடித்துக் காலம் கடத்துகிறார்கள். சலுகை கேட்பவர்களின் வாதத்தில் உள்ள உண்மை இதுவே.

இந்தச் சலுகையைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த ஊர் அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா. அங்கே 2000ஆம் ஆண்டு முதல், புதிதாகக் கட்டும் கட்டடங்களின் மதிப்புக்குப் பத்தாண்டு வரி இல்லை என்றார்கள்; மனைக்கு மட்டும் வரி. நகரின் நடுப்பகுதியில் கட்டடங்கள் எழுந்தது உண்மை. ஆனால் அந்த ஊரில் சொத்துவரியில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்குப் போவது. வசதியானவர்கள் வாங்கும் புது வீட்டுக்கு வரி இல்லை, பழைய வீட்டுக்காரர் முழுவரி கட்டுகிறார், பள்ளிக்குப் பணம் இல்லை என்று கூக்குரல் எழுந்தது. நகர மன்றம் 2019ல் வாக்கெடுத்துச் சலுகையைச் சுருக்கியது. 2022 முதல் புது வீடுகளுக்குக் கிடைக்கும் சலுகை, ஆண்டுக்கு ஆண்டு பத்து விழுக்காடு வீதம் குறைந்துகொண்டே வரும்படி மாற்றினார்கள்.

இதை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு வீதியில் 100 கடைகள். ஒவ்வொன்றும் அரையாண்டுக்கு 5,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 லட்சம். அதில் 10 பேர் புதிதாகக் கட்டுகிறார்கள். அவர்களது புது வரி ஆளுக்கு 15,000.

பத்துப் பேருக்கும் முழு வரியையும் தள்ளுபடி செய்தால், இதுவரை வந்துகொண்டிருந்த 50,000 ரூபாய் நின்றுபோகும். அதை மற்ற 90 பேரிடம் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 556 ரூபாய் கூடுதல். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். உடைத்தவருக்குப் புண்ணியம், நட்டம் கடைக்காரருக்கு.

பழைய 5,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, கூடுதலான 10,000 ரூபாயை மட்டும் ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றினால், வீதியின் 5 லட்சம் குறையாது. மற்றவர் தலையில் சுமை ஏறாது. கட்டியவருக்கும் கடன் தவணை கட்ட மூச்சுவிட நேரம் கிடைக்கும். நாம் கேட்க வேண்டிய சலுகை இந்த இரண்டாவது வகை.

வரிப்பணம் குறைந்தால் நமக்கென்ன என்று எண்ணிவிடக் கூடாது. 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பகுதிக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஓடை தூர்வாருவதும், சாக்கடை பராமரிப்பதும், மார்க்கெட் குப்பை அள்ளுவதும் மாநகராட்சியின் வேலை. அதன் சொந்த வருமானத்தில் முக்கியமானது சொத்துவரி. ஒரு பருவத்தில் சரக்கு நனைந்தால் போகும் முதலுக்கு, பத்து ஆண்டு வரிச் சலுகையும் ஈடாகாது.

அடுத்து, அண்மைக்கால அனுபவத்தைப் பார்ப்போம். 2018ல் தமிழகமெங்கும் சொத்துவரியை உயர்த்தினார்கள். வணிகர்களும் பொதுமக்களும் எதிர்த்ததால் 2019 நவம்பரில் அரசு அதை நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டிய தொகையைப் பின்வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யச் சொன்னது. ரசீது வைத்திருந்தவர்களுக்கு வேலை எளிதாயிற்று. பிறகு 2022 ஏப்ரலில் புதிய உயர்வு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 விழுக்காடு, வணிகக் கட்டடத்துக்கு 100 விழுக்காடு. வீட்டுக்காரருக்குக் கால் பங்கு, கடைக்காரருக்கு இரட்டிப்பு!

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நம் மாநகராட்சியில் தேர்ந்தெடுத்த மாமன்றமே இல்லை. அந்த இடைக்காலத்தில்தான், 2017ல், நெல்லை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்ந்தது. ஜங்ஷன் பெரியார் பேருந்து நிலையத்தை 2018 இறுதியில் மூடி இடித்தார்கள். புது நிலையம் 2024ல்தான் திறந்தது. ஐந்து ஆண்டு பேருந்து வராத இடத்தில் கடை நடத்தியவருக்கு வரி குறைந்ததா? தனியார் கட்டடத்தில் இருந்தவர் வரியும் வாடகையும் கட்டிக்கொண்டே இருந்தார். எனவே சீரமைப்பு என்றால் கட்டுகிறவருக்கு மட்டும் சலுகை கேட்பது போதாது. அதனால் வியாபாரம் படுத்துப்போகும் அண்டைக் கடைக்காரருக்கும் கேட்க வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. இடிப்பதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். நம் நகராட்சிகள் முன்பு இருந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில், கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் கட்டட வரியில் பாதிக்கு மேற்படாமல் கழிவு உண்டு. ஆனால் காலி என்று முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இடித்த கட்டடத்துக்கும் அறிவிப்புக் கொடுக்கும் வரை வரி ஓடிக்கொண்டே இருக்கும். சட்டம் மாறினாலும் பாடம் மாறவில்லை. மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.

2. வாடகைக் கடைக்காரர்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். வரி யார் கட்டுவது, உயர்ந்தால் யார் தலையில், சலுகை வந்தால் யாருக்கு என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் உயர்வு குடியிருப்பவருக்கு, சலுகை உரிமையாளருக்கு என்றுதான் முடியும்.

3. மாநகராட்சிக் கடைகளில் இருப்பவர்களுக்குச் சலுகை வரியில் இல்லை. வாடகையிலும் முன்பணத்திலும் திரும்ப இடம் கிடைப்பதிலும்தான் இருக்கிறது. மார்க்கெட்டை இடிக்குமுன் இம்மூன்றும் மாமன்றத் தீர்மானத்தில் ஏற வேண்டும். அதிகாரியின் வாய்மொழி உறுதி அவர் மாறுதலாகிப் போகும் வரைதான்.

4. இப்போதே இருக்கும் சலுகையை விடாதீர்கள். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் வரி கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. ஏப்ரல், அக்டோபர் மாதங்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

5. சங்கமாகக் கேட்கும்போது நான்கு நிபந்தனைகளோடு கேளுங்கள்: எல்லோருக்கும் பொதுவாக, கூடுதல் வரிக்கு மட்டும், முடிவுத் தேதியுடன், ஆண்டுதோறும் பயனடைந்தவர் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடுவதாக. இந்த நான்கும் இல்லாத சலுகை செல்வாக்குள்ள நாலு பேருக்கே போய்ச் சேரும்.

ஒரு வாடிக்கையாளருக்குக் கழிவு கொடுத்தால் அதை எங்கே எழுதுவது என்று நமக்குத் தெரியும். மாநகராட்சிப் பேரேட்டிலும் சலுகைக்கு எதிரே ஒரு பற்று விழத்தான் செய்யும். அந்தப் பற்று யார் பெயரில் விழுகிறது என்பதை நம் பகுதி மாமன்ற உறுப்பினரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே, எந்தச் சலுகைத் தீர்மானத்துக்கும் நாம் கைதூக்க வேண்டும்.