ஏரி ஜிலேபிக்கு எந்தக் கழி?

தூண்டில் கழி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தைத்தான் பிடித்துப் பார்க்கிறார்கள். பருமனாகவும் விறைப்பாகவும் இருந்தால் உழைக்கும் என்று ஒரு நம்பிக்கை. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து ஏரிகளில் ஜிலேபிக்கோ கெண்டைக்கோ தூண்டில் போடுவதென்றால் இந்தக் கணக்கு உதவாது. கழியின் நுனியை முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் மீனின் வாயிலேயே இருக்கிறது. ஜிலேபியின் வாய் சிறியது. இரையை விழுங்கிக்கொண்டு ஓடாமல், உதட்டில் வைத்துச் சப்பிப் பார்த்துத் துப்பிவிடும். கெண்டைக்கு உதடு இன்னும் மெல்லியது. விறைத்த கழியால் வெடுக்கென்று இழுத்தால் முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வரும். வட அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்றொரு மீன் உண்டு. அதன் வாய்த்தோல் அவ்வளவு மெலிது என்பதால் அங்கே 'காகித வாய்' என்றே அதற்குப் பட்டப்பெயர். அதைப் பிடிப்பவர்களும் நீளமான, நுனி இளகிய கழியைத்தான் விரும்புகிறார்கள். மீன் வேறு, சிக்கல் ஒன்று.

ஆகவே கடைக்குப் போகுமுன் முடிவுசெய்ய வேண்டியது நீளம். ரீல் வைத்த 6 அடிக் கழியால் தொலைவில் வீசலாமே என்று கேட்பார்கள். வீசலாம், ஆனால் ஜிலேபி தொலைவில் இருக்க வேண்டுமே. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், கரையோரத்து ஆழமில்லாத நீரில் வட்டமாகக் குழி பறித்து இனம்பெருக்கும். முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயிலேயே வைத்துக் காக்கும். (அந்த நாட்களில் அது இரையைச் சட்டை செய்யாததற்குக் கழியைக் குறை சொல்லிப் பயனில்லை.) வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரியில் கரைக்கல்லைத் தாண்டி, கோரைப் புதருக்கு மேலாக நீட்டி, இடைவெளி பார்த்துத் தக்கையை நேராக இறக்க வேண்டும். இதற்கு 10 முதல் 12 அடி வேண்டும். கடைக்கழிகளில் 3 மீட்டர், 3.6 மீட்டர் என்று குறித்திருப்பார்கள். தங்கூஸும் ஏறக்குறைய கழியின் நீளமே இருந்தால் போதும், ரீல் தேவைப்படாது. கருவேல மரங்கள் கவிந்த ஏரியில் நீளக்கழி கிளையில் மாட்டும் என்ற மறுப்பு நியாயமானது. அங்கே, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீட்டும் கழியில் வேண்டிய அளவு மட்டும் இழுத்துக்கொள்ளலாம். சாத்தனூர் அணை வேறு கதை. 119 அடி கொள்ளும் நீர்த்தேக்கத்துக்கு ஏரிக்கரைக் கழியின் கணக்கு பொருந்தாது.

அடுத்தது நுனி. கடையில் கழியை முழுதாக நீட்டச் சொல்லி, கிடையாகப் பிடித்து, நுனியில் 100 கிராம் படிக்கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மேல் மூன்றில் ஒரு பங்கு வளைந்து, கீழ்ப்பகுதி ஏறத்தாழ நேராக நின்றால் சரியான கழி. நுனிகூட வளையவில்லையென்றால் அது பெரிய மீனுக்கானது. அடிவரை வளைந்து தொங்கினால், மீன் கவ்வும்போது நீங்கள் சுண்டுவது முள்ளுக்குப் போய்ச் சேராது. பிறகு கல்லை எடுத்துவிட்டு ஒருமுறை உதறிப் பாருங்கள். ஆட்டம் இரண்டு மூன்று அசைவில் அடங்க வேண்டும். நெடுநேரம் ஆடும் கழி தக்கையையும் ஆட்டி மீனைக் கலைக்கும்.

இளகிய கழியில் விரால் மாட்டினால் முறிந்துவிடாதா என்பதுதான் எல்லோரும் எழுப்பும் கேள்வி. நீருக்குள் மீனின் எடை கழிக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிவது அதன் இழுப்பு. வளையும் நுனி அந்த இழுப்பை வாங்கிக்கொள்கிறது, விறைத்த கழி அதை அப்படியே தங்கூஸுக்கும் உதட்டுக்கும் கடத்திவிடுகிறது. கழி முறிவது பெரும்பாலும் அரைக் கிலோ மீனை அப்படியே அந்தரத்தில் தூக்கும்போதுதான். அதைக் கரையோரம் நடத்திவந்து சின்னக் கைவலையில் ஏந்த வேண்டும். விராலையே குறிவைத்துப் போகிறவர் அதற்கென்று தடித்த கழி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் ஒரே கழி என்று வாங்கினால் இரண்டுக்கும் உதவாது.

எதில் செய்த கழி என்பது கடைசியாகத்தான் வருகிறது. உள்ளீடற்ற பைபர் கழி மலிவு, அடி தாங்கும். தொடங்குகிறவருக்கு அதுவே போதும். கார்பன் எடை குறைவு, மீன் தொட்டது உடனே கைக்குத் தெரியும், ஆனால் கல்லில் மோதினால் கீறல் விழுந்து அந்த இடத்திலேயே ஒருநாள் ஒடியும். மூங்கிலை ஏளனம் செய்ய வேண்டாம். முற்றியதாக, நுனி சீராக மெலிந்ததாக எடுத்து நிழலில் காயவைத்தால் கடைக்கழிக்குச் சளைக்காது. கனம் ஒன்றுதான் குறை. கார்பனில் இன்னொரு சங்கதி: அது மின்சாரத்தைக் கடத்தும், ஈர மூங்கிலும் அப்படியே. பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் ஏரிக்கரையைக் கடக்கும் இடங்களில் 12 அடிக் கழியை நிமிர்த்திப் பிடித்து நடக்கக் கூடாது. கழியை மடக்கியே எடுத்துப்போய், மேலே கம்பி இல்லாத இடம் பார்த்து நீட்டுங்கள். ஏரி மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தக்கையை இறக்குங்கள்.